காலி நினைவகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சர்வர் மெதுவாகிறது என்று கேட்ட ஒருவருக்கு 'காலி நினைவகத்தைப் பார்க்காதீர்கள், காத்திருப்பைப் பாருங்கள்' என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற கேள்விகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் நினைவகமும்தான். பிரிண்டர், வைஃபை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எங்கள் நூற்பாலை அலுவலகத்தில் 16 ஜி.பி. நினைவகம் உள்ள லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தால் காலி இடம் 280 எம்.பி. என்று காட்டுகிறது. பராமரிப்புக்கு வருபவர், மணிக்கு ஒரு முறை கேஷை, அதாவது டிஸ்க்கிலிருந்து படித்து நினைவகத்தில் வைத்த நகல்களை, துடைக்கும் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். துடைத்தவுடன் காலி இடம் நிறைய ஆகிறது. ஆனால் ஒவ்வொரு மணியும் ஆரம்பிக்கும்போது கொஞ்ச நேரம் எல்லாம் இழுக்கிறது. என்ன கோளாறு? (வாசகர், கோவை)

பதில்: முதலில் அந்த வரியை கிரானிலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அந்தக் கட்டளை காட்டும் அட்டவணையில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். அது எந்த வேலைக்கும் போகாமல் சும்மா கிடக்கும் நினைவகம். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியான 'அவைலபிள்'. புதிதாக ஒரு புரோகிராம் வந்து நின்றால், ஸ்வாப்பை, அதாவது நினைவகத்துக்குத் துணையாகப் பெரும்பாலும் டிஸ்க்கில் ஒதுக்கும் இடத்தை, தொடாமல் ஏறக்குறைய எவ்வளவு கொடுக்க முடியும் என்று கெர்னல் போடும் மதிப்பீடு அது. 2014இல் 3.14 கெர்னல் வந்தபோதுதான் கெர்னலே இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தர ஆரம்பித்தது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஃப்ரீ 280 எம்.பி.தான், அவைலபிள் 9.1 ஜி.பி. அந்த எண் யார் கண்ணிலும் படவில்லை.

இடையில் இருக்கும் ஏறக்குறைய 9 ஜி.பி. எங்கே போயிற்று? உங்கள் சரக்கு இருப்பு தரவுத்தளமும், அதன் இன்டெக்ஸ் கோப்புகளும், புரோகிராம்களின் நிரல்களுமாகக் கேஷில் உட்கார்ந்திருக்கின்றன. நினைவகத்தில் உள்ளதைத் தொட்டு எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஓரிடத்தைத் தேடிப் படிக்க 10 மில்லி விநாடி ஆகும். வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. மணிக்கு ஒரு முறை அந்த 9 ஜி.பி.யைக் குப்பை என்று தூக்கி எறிந்துவிட்டு, அதே கோப்புகளை டிஸ்க்கிலிருந்து திரும்பவும் அள்ளி வரச் சொல்கிறீர்கள். இழுக்காமல் என்ன செய்யும்? அந்தத் துடைப்பு வசதி சோதனைக்காக வைக்கப்பட்டது. சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் வெளியே பயன்படுத்த வேண்டாம் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. யாருக்காவது இடம் தேவைப்பட்டால் கேஷைக் காலி செய்து கொடுக்கக் கெர்னலுக்குத் தெரியும். கேட்பதற்கு ஆள் வரும்வரை அது செய்யாது, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் பாடப்புத்தகம் எல்.ஆர்.யூ., அதாவது வெகுநாளாகத் தொடாத பக்கத்தை (நினைவகத் துண்டை) முதலில் வெளியேற்று, என்று ஒரே தாளில் முடித்துவிடுகிறது. நிஜமான கெர்னலில், சுமை ஏறும்போது எது முதலில், எது பிறகு நடக்கிறது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, பாடப்புத்தகம் சொல்லும் எல்.ஆர்.யூ.வை அப்படியே அமல்படுத்தினால் எந்தக் கெர்னலும் நகராது. ஒரு புரோகிராம் நினைவகத்தை விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை தொடுகிறது. ஒவ்வொரு முறையும் பட்டியலில் அந்தப் பக்கத்தை முன்னுக்கு நகர்த்த யாருக்கு நேரம்? பிராசஸர் கொடுக்கும் உதவி ஒரே ஒரு பிட். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பக்க அட்டவணையில், 'இந்தப் பக்கம் தொடப்பட்டது' என்று அது 1 போட்டு வைக்கும். எப்போது, எத்தனை முறை என்றெல்லாம் சொல்லாது. கெர்னல் அவ்வப்போது வந்து அந்த பிட்டைப் பார்க்கும். 1 இருந்தால் 0 ஆக்கிவிட்டுப் போகும். அடுத்த முறை வரும்போதும் 0 ஆகவே இருந்தால், இந்தப் பக்கத்தை யாரும் சீண்டவில்லை என்று முடிவு கட்டும். மொத்தக் கட்டிடமும் இந்த ஒற்றை பிட்டின் மேல் நிற்கிறது.

பக்கம் என்பது கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் சம அளவுத் துண்டு, பெரும்பாலான கணினிகளில் 4 கே.பி. இவற்றைக் கெர்னல் ஐந்து பட்டியல்களில் வைத்திருக்கிறது. கோப்பிலிருந்து வந்த பக்கங்களுக்கு இரண்டு, ஒன்று சுறுசுறுப்பானவை, மற்றொன்று சும்மா இருப்பவை. புரோகிராம் தன் வேலைக்காக வாங்கிய, எந்தக் கோப்போடும் தொடர்பில்லாத அனானிமஸ் பக்கங்களுக்கும் அதே போல் இரண்டு. ஐந்தாவது, பூட்டி வைக்கப்பட்டதால் வெளியேற்றவே முடியாதவை. 2008இல் வந்த 2.6.28 கெர்னலில்தான் கோப்பும் அனானிமஸும் இப்படிப் பிரிக்கப்பட்டன. அதற்குமுன் இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்ததால், நினைவகம் நிறைய உள்ள சர்வர்களில் வெளியேற்றத் தகுந்த ஒரு கோப்புப் பக்கத்தைத் தேடி லட்சக்கணக்கான அனானிமஸ் பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

புதிதாகப் படிக்கப்பட்ட கோப்புப் பக்கம் நேராகச் சுறுசுறுப்புப் பட்டியலுக்குப் போய்விடாது. சும்மா இருப்பவற்றின் வரிசையில்தான் முதலில் நிற்கும். இரண்டாவது முறை தொட்டால்தான் பதவி உயர்வு. இரவு பேக்கப் ஓடி 200 ஜி.பி. கோப்புகளை ஒரே ஒரு முறை படித்துவிட்டுப் போனாலும், பகலெல்லாம் உபயோகத்தில் இருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் பிழைப்பது இதனால்தான்.

இனிச் சுமை ஏறும் கதைக்கு வருவோம். கெர்னல் காலி இடத்துக்கு மூன்று கோடுகள் போட்டு வைத்திருக்கிறது: மேல், கீழ், அடித்தளம். காலி இடம் கீழ்க்கோட்டைத் தொட்டவுடன் 'கேஸ்வாப்டி' என்ற பின்னணி வேலையாளை எழுப்பும். ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் 'டாப்' கட்டளையில் கேஸ்வாப்டி0 என்று தெரியும் அதே ஆள்தான். காலி இடம் மேல்கோட்டைத் தாண்டும்வரை அவர் பக்கங்களை மீட்டுக்கொண்டே இருப்பார். தாண்டியதும் மீண்டும் உறக்கம். 16 ஜி.பி. உள்ள கணினியில் அடித்தளக் கோடு சூத்திரப்படி 16 எம்.பி.தான். பக்கங்களை 4 கே.பி.யைவிடப் பெரிதாக வைக்கும் வசதி இயங்கினால் இன்னும் சில பத்து எம்.பி. கூடும். கோவை வாசகர் 280 எம்.பி.யைப் பார்த்து ஏன் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்கும் வேலையில் எல்லாப் பக்கமும் ஒரே விலை அல்ல. டிஸ்க்கில் உள்ளபடியே இருக்கும் கோப்புப் பக்கம் இலவசம்: நகல் டிஸ்க்கில் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாம். திருத்தப்பட்டு இன்னும் டிஸ்க்கில் எழுதப்படாத பக்கம் என்றால் முதலில் எழுத வேண்டும், பிறகுதான் இடம் கிடைக்கும். அனானிமஸ் பக்கத்துக்கு டிஸ்க்கில் வீடே கிடையாது. ஸ்வாப் இருந்தால் அங்கே எழுதலாம், இல்லாவிட்டால் அதைத் தொடவே முடியாது. கோப்புகளின் பெயர்களையும் அடைவுகளையும் நினைவில் வைத்திருக்கும் கெர்னலின் சொந்தக் கேஷிலும் கொஞ்சம் சுரண்டும்.

கேஸ்வாப்டி மீட்கும் வேகத்தைவிடப் புரோகிராம்கள் கேட்கும் வேகம் கூடிவிட்டால் காலி இடம் அடித்தளக் கோட்டுக்கு வந்துவிடும். அதுவரை யாருக்கும் வலி தெரியாது. அதற்குப் பிறகு விதி மாறுகிறது: நினைவகம் கேட்கும் புராசஸே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமே, தன் வேலையை நிறுத்திவிட்டு, பட்டியல்களில் இறங்கித் தனக்கான இடத்தைத் தானே தேட வேண்டும். இதற்கு நேரடி மீட்பு என்று பெயர். உங்கள் வலைப்பக்கம் 20 மில்லி விநாடியில் வர வேண்டியது இரண்டு விநாடி எடுத்தால், அந்த நேரம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது.

பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் காலையில், நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வர். ஓடும், காத்திருக்கும் புராசஸ்களின் எண்ணிக்கையைச் சொல்லும் சராசரிச் சுமை என்ற எண் நூறைத் தாண்டி நிற்கிறது. ஆனால் பிராசஸரில் பாதி சும்மா இருக்கிறது. 'டாப்' பட்டியலின் தலையில் கேஸ்வாப்டி0, அதற்குக் கீழே வலைப்பக்கங்களை உருவாக்கும் பி.எச்.பி. புராசஸ்கள் வரிசையாக 'டி' என்ற எழுத்தோடு, அதாவது டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு. பக்கத்தில் நின்றவர் பிராசஸரைக் கூட்ட வேண்டும் என்றார். புள்ளிவிவரம் காட்டும் 'சார்' கட்டளையில் பக்கங்கள் பற்றிய பகுதியை ஓட்டிக் காட்டினேன். கேஸ்வாப்டி தேடிய பக்கங்களுக்கு ஒரு பத்தி, நேரடி மீட்பில் தேடியவற்றுக்கு இன்னொரு பத்தி. இரண்டாவது, மற்ற நாட்களில் பூஜ்யமாகவே இருக்கும். அன்று விநாடிக்கு விநாடி ஏறிக்கொண்டிருந்தது. தேடியதில் எத்தனை சதவீதம் உண்மையில் மீண்டது என்று காட்டும் கடைசிப் பத்தி சரிந்துகொண்டே வந்தது. நிறையத் தேடுகிறது, கொஞ்சம்தான் கிடைக்கிறது. இதைவிடத் தெளிவான வாக்குமூலம் ஒரு சர்வரிடமிருந்து கிடைக்காது. பிராசஸரைக் கூட்டியிருந்தால் இன்னும் நிறையப் பேர் ஒரே நேரத்தில் காத்திருந்திருப்பார்கள். பி.எச்.பி. புராசஸ்களின் எண்ணிக்கையைக் குறைத்தவுடன் மூச்சு வந்தது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்க மாட்டார்கள், வேலையில் கேட்பார்கள். ஒரு பக்கத்தை வெளியேற்றும்போது கெர்னல் அது இருந்த இடத்தில் ஒரு சிறு அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அதே பக்கம் சீக்கிரமே திரும்பக் கேட்கப்பட்டால், 'இதை நான் தூக்கியிருக்கக் கூடாது' என்று அந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்து, அதை நேராகச் சுறுசுறுப்புப் பட்டியலில் சேர்க்கும். ஜொஹானஸ் வைனர் எழுதிய இந்த ஏற்பாடு 2014இல் 3.15 கெர்னலில் சேர்ந்தது.

கேள்வி: 32 ஜி.பி. நினைவகம் இருக்கும்போது ஸ்வாப் எதற்கு? அது எஸ்.எஸ்.டி.யைத் தேய்க்கும் என்கிறார்களே. (வாசகர், சென்னை)

பதில்: ஸ்வாப்பை நினைவகம் தீர்ந்தால் பயன்படும் அவசர இடம் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. மேலே சொன்னபடி, ஸ்வாப் இல்லாவிட்டால் அனானிமஸ் பக்கங்கள் அனைத்தும் அசைக்க முடியாதவை ஆகிவிடுகின்றன. காலையில் ஒரு முறை ஓடிவிட்டு மாலைவரை தூங்கும் ஒரு புரோகிராமின் 2 ஜி.பி. அப்படியே உட்கார்ந்திருக்கும், நெருக்கடி வந்தால் கெர்னல் கை வைக்க முடிவது கோப்புப் பக்கங்களில் மட்டும்தான். கோப்புப் பக்கங்களில் உங்கள் பிரவுசரின் நிரலும் அடக்கம். அதைத் தூக்கி எறிந்தால் அடுத்த நொடியே திரும்பப் படித்தாக வேண்டும். ஆக, ஸ்வாப்பை அணைத்தவர் டிஸ்க் வேலையை ஒழிக்கவில்லை, தவறான பக்கங்களின் மேல் அதைச் சுமத்திவிட்டார்.

'ஸ்வாப்பினஸ்' என்ற எண்ணைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. இயல்பாக 60 இருக்கும். நினைவகம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று எத்தனையோ பேர் சத்தியம் செய்கிறார்கள். இல்லை. மீட்க வேண்டிய நிலை வரும்போது, அனானிமஸ் பக்கத்தையும் கோப்புப் பக்கத்தையும் திரும்பக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவுகளை எப்படி எடை போடுவது என்று சொல்லும் எண் அது. 2020இல் 5.8 கெர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். 100 என்றால் இரண்டும் சம செலவு. அதற்கு மேல் என்றால், ஸ்வாப்தான் மலிவு என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்கள். அது எப்படி மலிவாகும்? இசட்ராம் போட்டிருந்தால் ஆகும். பக்கத்தைச் சுருக்கி நினைவகத்திலேயே ஓரிடத்தில் வைப்பது இசட்ராம். டிஸ்க்குக்குப் போவதே இல்லை, எஸ்.எஸ்.டி.யும் தேயாது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020இல் 33ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பாகத் தருகிறது.

உங்கள் கணினியில் ஸ்வாப்பில் 1 ஜி.பி. உட்கார்ந்திருக்கிறது என்றால் கவலையே இல்லை. 'விஎம்ஸ்டாட்' கட்டளையில் எஸ்.ஐ., எஸ்.ஓ. என்ற இரு பத்திகளும், அதாவது உள்ளே வருவதும் வெளியே போவதும், தொடர்ந்து பெரிய எண்களாக ஓடினால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: 4 ஜி.பி. மடிக்கணினி. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் மவுஸ்கூட நகராமல் உறைந்துவிடுகிறது. நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்லும் ஏற்பாடு கெர்னலில் இருக்கிறதாமே, அது ஏன் தூங்குகிறது? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி உண்டா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, அது தூங்கவில்லை. இன்னும் நிலைமை கைமீறவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

நினைவகம் தீர்ந்தது என்று கெர்னல் எப்போது ஒப்புக்கொள்ளும் என்பதில்தான் சிக்கல். மீட்பு முயற்சியில் தொடர்ந்து 16 சுற்று ஒரு பக்கம்கூடத் தேறாவிட்டால்தான் அது கையை விரிக்கும். ஏதோ ஒரு பக்கம் கிடைத்துவிட்டால் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உங்கள் மடிக்கணினியில் என்ன நடக்கிறது? பிரவுசரின் நிரல் பக்கம் ஒன்று தூக்கப்படுகிறது. 'ஆகா, முன்னேற்றம்' என்கிறது கெர்னல். அடுத்த கணம் பிரவுசர் அதே பக்கத்தைக் கேட்கிறது, டிஸ்க்கிலிருந்து படிக்கிறது. அதற்கு இடம் வேண்டி இன்னொரு நிரல் பக்கம் தூக்கப்படுகிறது. மீண்டும் முன்னேற்றம். ஒவ்வோர் அடியும் கணக்குப்படி வெற்றி, மொத்தத்தில் எதுவும் நகரவில்லை. ஸ்வாப் அணைக்கப்பட்ட 4 ஜி.பி. கணினியில் டேப்களைத் திறந்துகொண்டே போனால் இதை யாரும் வரவழைக்கலாம் என்று 2019இல் எழுந்த புகார், கெர்னல் எழுதுபவர்கள் நடுவே பெரிய விவாதமாகவே நடந்தது.

தீர்வு, எத்தனை பக்கம் காலி என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அளப்பதில் இருந்தது. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னலில் பி.எஸ்.ஐ. என்ற அளவி சேர்ந்தது. ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த, மேலே சொன்ன அதே வைனர்தான் எழுதியவர். 'ப்ராக்' அடைவுக்குள் 'பிரஷர்' என்ற பிரிவில் 'மெமரி' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி, யாராவது ஒருவராவது நினைவகத்துக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம். இரண்டாவது, வேலை இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் முடங்கிக் கிடந்த நேரம். கடந்த 10, 60, 300 விநாடிகளுக்கான சராசரி தனித்தனியாக இருக்கும். இரண்டாவது வரியில் 10 விநாடிச் சராசரி 40, 50 என்று எகிறினால் உங்கள் மவுஸ் ஏன் நகரவில்லை என்பதற்கு அதுவே விடை. சென்ற இதழில் 'காத்திருப்பைப் பாருங்கள்' என்று நான் எழுதியதும் இந்தக் கோப்பை நினைத்துத்தான்.

இந்த அளவியை வைத்து, உறைவதற்கு முன்பே குற்றவாளியை முடித்துவைக்கும் 'சிஸ்டம்டி-ஓஓஎம்டி' என்ற புரோகிராம் ஃபெடோராவில் 34ஆம் பதிப்பிலிருந்தும், உபுண்டுவில் 22.04இலிருந்தும் இயல்பாக இருக்கிறது. உபுண்டுவில் வந்த புதிதில் அது கொஞ்சம் ஆர்வக்கோளாறாகப் பிரவுசரையே முழுசாக மூடிவிட்டுப் பலருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. என்றாலும், பவர் பட்டனைவிட அது மேல்.

நீங்கள் செய்ய வேண்டியது: இசட்ராம் போடுங்கள், கெர்னல் 6.1 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். உறைந்த பிறகு ஒரு வழி: ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனையும் பிடித்துக்கொண்டு 'எஃப்' எழுத்தை அழுத்தினால், கெர்னலே உடனடியாக ஒரு புராசஸைத் தேர்ந்து கொல்லும். உபுண்டு இந்த எழுத்தை இயல்பில் அனுமதிப்பதில்லை; உறைவதற்கு முன்பே அமைப்பில் மாற்றி வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: இணையக் கடை நடத்துகிறோம். 8 ஜி.பி. சர்வர். கூட்டம் அதிகமானால் கெர்னல் எங்கள் தரவுத்தளமான மைசீக்வலைக் கொன்றுவிடுகிறது. பதிவேட்டைப் பார்த்தால் அந்த நேரத்தில் நினைவகம் கேட்டது பி.எச்.பி.! ஊருக்கு இளைத்தவன் மைசீக்வலா? (வாசகர், மதுரை)

பதில்: இளைத்தவன் அல்ல, இருப்பதிலேயே பெருத்தவன். அதனால்தான் சாகிறது.

கெர்னல் ஆள் தேர்ந்தெடுக்கும் சூத்திரம் ரொம்ப எளியது. ஒவ்வொரு புராசஸும் கையில் வைத்திருக்கும் நினைவகம், ஸ்வாப்பில் வைத்திருப்பது, பக்க அட்டவணைகளுக்கு ஆனது, மூன்றையும் கூட்டு. மேலே, நீங்கள் அந்த புராசஸுக்குக் கொடுத்திருக்கும் சலுகை எண்ணைச் சேர். அது -1000 முதல் +1000 வரை. -1000 என்றால் தொடவே கூடாது. கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவர் போகிறார். கடைசியாகக் கேட்டவர் யார், தப்பு யார் மேல் என்பதெல்லாம் விசாரணையில் இல்லை. ஒரே உயிரைப் பறித்து அதிக இடத்தை மீட்பதே நோக்கம்.

2004இல் ஆண்ட்ரீஸ் ப்ரௌவர் என்ற கெர்னல்காரர் இதைக் கிண்டலடித்து ஒரு கதை எழுதினார். ஒரு விமான நிறுவனம், எரிபொருளைக் குறைவாக நிரப்பினால் செலவு மிச்சம் என்று கண்டுபிடிக்கிறது. எப்போதாவது எரிபொருள் போதாமல் போனால்? பயணி ஒருவரைத் தேர்ந்து வெளியே தள்ளும் கருவியை வடிவமைக்கிறார்கள். யாரைத் தள்ளுவது, எடை அதிகமானவரையா, வயதானவரையா, அந்த எடை அதிகமானவர் விமானியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பெரிய ஆராய்ச்சி நடக்கிறது. கடைசியில், எரிபொருள் குறையாதபோதும் அந்தக் கருவி அவ்வப்போது ஆட்களைத் தள்ளத் தொடங்குகிறது. உங்கள் விமானத்தில் விமானிதான் கனமானவர்.

குறைவாக எரிபொருள் நிரப்புவது இங்கே உண்மையிலேயே நடக்கிறது. ஒரு புராசஸ் 5 ஜி.பி. கேட்டால், லினக்ஸ் கையிருப்பைப் பெரிதாகப் பார்க்காமல் சரி என்றுவிடும். நிஜமான பக்கத்தைக் கொடுப்பது, அந்த இடத்தில் முதன்முதலாக எதையாவது எழுதும்போதுதான். பெரும்பாலான புரோகிராம்கள் கேட்பதில் கொஞ்சத்தைத்தான் தொடுகின்றன என்பதால் இந்தத் துணிச்சல் மிக நன்றாகவே வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் தொட வந்தால்தான் பஞ்சாயத்து.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மைசீக்வல் தன் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடமான பஃபர் பூலுக்கு 5 ஜி.பி. ஒதுக்கியிருக்கிறீர்கள். பி.எச்.பி. புராசஸ்கள் அதிகபட்சம் 80, ஒவ்வொன்றும் 60 எம்.பி. பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது 4.8 ஜி.பி. ஆக மொத்தம் 9.8 ஜி.பி., 8 ஜி.பி. கணினியில். கூட்டமில்லாத நாளில் 20 புராசஸ்கள்தான் ஓடுகின்றன, யாருக்கும் தெரிவதில்லை. தள்ளுபடி அறிவித்த நாளில் 80ம் எழுந்து நிற்கின்றன.

மைசீக்வலுக்கு -1000 கொடுத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்போது பி.எச்.பி. புராசஸ்கள் ஒவ்வொன்றாகச் சாகும், வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கத்தில் நடுவழியில் நிற்பார். பஃபர் பூலை 4 ஜி.பி. ஆக்குங்கள், பி.எச்.பி.யை 40க்கு மேல் போகவிடாதீர்கள். 41ஆவது ஆள் அரை விநாடி வரிசையில் நிற்பது, எல்லோரும் சேர்ந்து தரையில் விழுவதைவிட எவ்வளவோ மேல். இவ்வளவும் செய்த பிறகு மைசீக்வலுக்கு -500 கொடுத்தால் ஆட்சேபணை இல்லை.

கேள்வி: போனில் 'ராம் கிளீனர்' செயலி போடலாமா? சமீபத்திய செயலிகள் எல்லாவற்றையும் ஸ்வைப் செய்து மூடுவது நல்லதா? (வாசகி, ஈரோடு)

பதில்: இரண்டும் வேண்டாம். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் இதே லினக்ஸ் கெர்னல்தான், இசட்ராமும் பெரும்பாலான போன்களில் உண்டு. நெருக்கடி வந்தால் எந்தச் செயலியை மூடுவது என்று முடிவு செய்ய 'எல்எம்கேடி' என்ற தனி வேலையாள் இருக்கிறார். ஆண்ட்ராய்டு 10லிருந்து அவரும் மேலே சொன்ன பி.எஸ்.ஐ. அளவியைப் பார்த்தே முடிவெடுக்கத் தெரிந்தவர். திரையில் இருப்பதைக் கடைசியாகவும், பின்னணியில் மறந்துபோனதை முதலிலும் மூடுவார். நீங்கள் மூடிய செயலியைத் திரும்பத் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பேட்டரிக்கு அதுதான் கேடு. கிளீனர் செயலி செய்வது ஒன்றே ஒன்று: தானும் கொஞ்சம் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு விளம்பரம் காட்டுவது.

கேள்வி: இந்த யோசனையெல்லாம் யாருடையது? லினக்ஸ் கண்டுபிடித்ததா? (ஓய்வுபெற்ற தபால் துறை ஊழியர், நாகர்கோவில்)

பதில்: லினக்ஸுக்கு முப்பது வயது மூத்தது, ஐயா. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில், 16,000 சொற்கள் அளவுள்ள உள் நினைவகத்தையும் 96,000 சொற்கள் பிடிக்கும் காந்த உருளையையும் புரோகிராம் எழுதுபவருக்கு ஒரே நினைவகமாகக் காட்டினார்கள். எந்தப் பக்கத்தை உருளைக்கு அனுப்புவது என்று, பக்கங்கள் பயன்பட்ட விதத்தைக் கவனித்து முடிவெடுக்கும் ஒரு புரோகிராமும் அதிலேயே இருந்தது.

1966இல் ஐ.பி.எம்.மில் லாஸ்லோ பெலாடி, மிகச் சிறந்த முறை எது என்று எழுதினார்: எதிர்காலத்தில் வெகுநேரம் கழித்துத் தேவைப்படப்போகும் பக்கத்தை வெளியேற்று. எதிர்காலம் தெரியாது என்பதுதான் ஒரே குறை! அன்றிலிருந்து இன்றுவரை எழுதப்படுவதெல்லாம் அதை ஊகிக்கும் முயற்சிகள். 1968இல் பீட்டர் டென்னிங், பக்கங்களை மாற்றிக்கொண்டே இருந்து கணினி வேலையே செய்யாமல் போகும் நிலைமையை ஆராய்ந்து எழுதினார். தஞ்சாவூர் ஆசிரியையின் மடிக்கணினியில் நடப்பது அதேதான், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும்.

புதியதில் குறிப்பிடத்தக்கது, கூகுளைச் சேர்ந்த யூ ஜாவ் எழுதி 2022 டிசம்பரில் 6.1 கெர்னலில் வந்த பல தலைமுறை எல்.ஆர்.யூ. சுறுசுறுப்பு, சும்மா என்று இரண்டே வகுப்பாகப் பிரிக்காமல், பக்கங்களை நான்கு தலைமுறைகள்வரை வயதுவாரியாக வைக்கிறது. ஒவ்வொரு பக்கமாக எடுத்து யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடிப் போவதற்குப் பதிலாக, பக்க அட்டவணைகளையே நேராக நடந்து, தொட்ட அடையாளங்களை மொத்தமாகப் பொறுக்கி வருகிறது. நினைவகம் குறைந்த கணினிகளில் வித்தியாசம் கைக்கே தெரிகிறது. ஆசிரியைக்கு 6.1 என்று சொன்னதன் காரணம் இதுவே.

கேள்வி: சர்வரில் 20 ஜி.பி. காலியாக இருக்கிறது, ஆனால் கன்டெய்னர் (புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் உறை) 137 என்ற எண்ணோடு செத்துப்போகிறது. (வாசகர், பெங்களூரு)

பதில்: 137 என்பது 128ம் 9ம். ஒன்பதாம் எண் சிக்னலால், அதாவது மறுக்க முடியாத நிறுத்த உத்தரவால், கொல்லப்பட்டது என்று பொருள். சர்வரில் எவ்வளவு இருந்தால் என்ன, அந்தக் கன்டெய்னருக்கு நீங்கள் போட்ட உச்சவரம்புக்குள்தான் மேலே சொன்ன நாடகம் முழுவதும் தனியாக நடக்கிறது: கேஷ் அதன் கணக்கில் சேரும், மீட்பு அதற்குள்ளேயே நடக்கும், தேறாவிட்டால் கொலையும் அதற்குள்ளேயே. கெர்னல் பதிவேட்டில் 'மெமரி சிகுரூப்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், எந்த வரம்பு, யார் எவ்வளவு வைத்திருந்தார்கள் என்று அட்டவணையே போட்டிருக்கும். 'மேக்ஸ்' என்ற அந்த உச்சவரம்புக்குக் கொஞ்சம் கீழே 'ஹை' என்ற வரம்பையும் வையுங்கள். அதைத் தாண்டினால் கெர்னல் கொல்லாது, வேகத்தைக் குறைத்து மீட்கச் சொல்லும். உங்கள் எச்சரிக்கை மணி அங்கே அடிக்கட்டும்.